பாத்துக் குத்துங்க

சிவதாணுப் பிள்ளை அம்மை குத்தினால் வலிக்காது என்று ஆஸ்பத்திரி முழுக்க அவருக்கு ஒரு பேர் இருந்தது. வலிக்காததற்குக் காரணம் கைராசி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் நீங்களும் அவரை நல்ல மனுஷர் என்று நினைத்துக்கொண்டே பாதிக் கதை வரைக்கும் வந்துவிடுவீர்கள். நல்ல மனுஷர்தான். கோளாறே அதுதான்.

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றான மறு வருஷம். திருவனந்தபுரத்தில் ஒரு சர்க்கார் ஆஸ்பத்திரியில் அவர் வாக்ஸினேட்டர். சொந்த ஊர் சுசீந்திரம் பக்கம். குடியிருப்பு வலியசாலைக்குப் பின்னால் ஒரு சந்தில். வேலை என்னவோ சின்ன வேலைதான். கையைக் கழுவித் துடைத்து, தோல்மேல் அம்மைப்பால் என்ற தடுப்பு மருந்தை ஒரு துளி வைப்பார். சின்னச் சக்கரம் மாதிரி இருக்கும் கத்தியை அதன்மேல் அழுத்தி ஒரு திருகு. அப்படி நாலு இடத்தில். சில நாளில் கை வீங்கிப் பழுக்கும், காய்ச்சல் அடிக்கும், பொருக்கு உதிர்ந்து அச்சு விழும். அதற்கப்புறம் பெரியம்மை அந்த ஆளிடம் வாலாட்டாது.

இதை ஊராருக்கு எடுத்துச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஆள் உண்டு. ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லத்தான் ஆள் கிடையாது.

"எத்தனை வருசமா இந்தக் காத்தைக் குடிக்கோம். நமக்கு இனி என்ன வந்துரப் போவுது?" என்பாள் பிச்சம்மாள். பெண்கள் வார்டின் மூத்த ஆயா அவள். ஆபீஸ் கிளார்க் வெங்கடசுப்ரமணியன் ஸ்ரீவராகத்திலிருந்து வருகிறவர். ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் அம்மை நோட்டீஸ் எல்லாம் அவர் எழுதியதுதான். அவரோ, "ஆத்துல சீமந்தம் வச்சிருக்கு ஓய். இப்பப் போய் ஜுரம் கிரம்னு படுத்துண்டா நன்னாவா இருக்கும்?" என்பார். அவர் வீட்டில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு விசேஷம் இருந்துகொண்டிருந்தது. சமையல்காரிக்கு முத்தாரம்மனிடம் நேர்ச்சை, உடம்பில் கத்தி படாது என்று. நர்ஸுகள் நேர்ச்சை பற்றியெல்லாம் பேச மாட்டார்கள். தங்களைப் பார்த்துக்கொள்ளத் தங்களுக்குத் தெரியும் என்பது மட்டும் அவர்கள் கட்சி.

ஆனால் உத்தரவு என்று ஒன்று இருக்கிறதே. வெயில் காலம் பிறந்தால் எல்லாரும் கையை நீட்டியாக வேண்டும். அங்கேதான் வெறுங்குத்து பிறந்தது.

தொடங்கி வைத்தது பிச்சம்மாள். மகள் கல்யாணத்துக்கு முந்தின வாரம் அவள் முறை வந்தது. கையை நீட்டிக்கொண்டு, கண்ணைச் சிமிட்டி, "பாத்துக் குத்துங்க, அண்ணாச்சி" என்றாள். அண்ணாச்சியின் மனசு இளகிவிட்டது. அம்மைப்பாலுக்குப் பதில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் ஒரு துளி வைத்துக் கத்தியை அழுத்தாமல் திருகினார். கீறல் விழுந்தது. டாக்டர் வந்து கீறலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். கையும் பழுக்கவில்லை, கல்யாணமும் நடந்தது.

அதிலிருந்து அந்த மூன்று வார்த்தை சாவி மாதிரி ஆகிவிட்டது. 'வேண்டாம்' என்றால் உத்தரவை மீறினதாகும். 'பாத்துக் குத்துங்க, அண்ணாச்சி' என்றால் யார் என்ன சொல்ல முடியும்? உத்தரவுக்குப் பயந்து உண்மையாகவே குத்திக்கொண்ட ஒன்றிரண்டு பேர் வாயைத் திறக்காமல் கையை நீட்டினார்கள். மற்றவர்கள் சாவியைப் போட்டார்கள். இந்த ஏற்பாட்டை யாரும் யாரோடும் உட்கார்ந்து பேசியதில்லை. ஆனாலும் எல்லாருக்கும் தெரியும். ஆஸ்பத்திரி அடுக்களையில் முதல் காப்பி சிவதாணுப் பிள்ளைக்குத்தான் வரும். மனுஷருக்கு அது பிடித்திருந்தது. தன் கையில் நாலு அச்சும் பளிச்சென்று இருக்க, மற்றவர்களுக்குத் தண்ணீர் வைத்துக் குத்தினார். ஒரு நாளும் அது அவர் தூக்கத்தைக் கெடுக்கவில்லை.

பொன்னம்மை அந்த மாசியில்தான் வேலைக்கு வந்தாள். பூதப்பாண்டிப் பக்கத்துப் பெண். புருஷன் கோலப்பன் சாலைக் கடைத்தெருவில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவன். அவள் பிரசவத்துக்குப் பிறந்த வீடு போயிருந்த சமயத்தில் அவனுக்குப் பெரியம்மை கண்டு, ஊருக்கு வெளியே வசூரிப்புரையில் கொண்டுபோய்ப் போட்டார்கள். அம்மை கண்டவர்களைப் போட்டு வைக்கும் ஓலைக் கொட்டகை அது. அங்கேயே செத்துப்போனான். அவளுக்குச் செய்தி மட்டும்தான் வந்தது. இப்போது நாத்தனார் சொர்ணம்மாளோடு கிள்ளிப்பாலத்தில் ஒரு வீட்டில் இருந்தாள். மகள் சிவகாமிக்கு நாலு வயசு.

அந்த ஆஸ்பத்திரியில் அம்மை குத்திக்கொள்ள ஆசைப்பட்டு வந்து நின்றவள் அவள் ஒருத்திதான். சின்ன வயசில் ஊருக்குக் குத்த வந்தபோது அம்மா அவளை நெல் குலுக்கைக்குள் இறக்கி மூடிவிட்டாளாம். அதைப் பிச்சம்மாளிடம் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "அவியளும் குத்தியிருந்தா இருந்திருப்பாவ இல்லியா, அக்கா?" என்று கேட்டாள்.

ஆனால் கத்தி என்றால் அவளுக்குப் பயம். முறை வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கண்ணை இறுக மூடி, கையை நீட்டினாள். யாராக இருந்தாலும் அந்த நேரத்தில் வாயில் வரக்கூடியதைத்தான் அவளும் சொன்னாள்.

"அண்ணாச்சி, பாத்துக் குத்துங்க."

சிவதாணுப் பிள்ளை மனசுக்குள் சிரித்துக்கொண்டார். பிச்சம்மாள் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறாள், புதுசு ஆனாலும் கெட்டிக்காரி என்று நினைத்தார். இந்தப் பக்கம் அம்மைப்பால், அந்தப் பக்கம் தண்ணீர். அவர் கை தானாகவே அந்தப் பக்கம் போயிற்று.

"முடிஞ்சுதா? வலிக்கவே இல்லியே!" என்று பொன்னம்மை கண்ணைத் திறந்தாள்.

"அதாக்கும் அண்ணாச்சி கை" என்றாள் பின்னால் நின்றவள். எல்லாரும் சிரித்தார்கள். பொன்னம்மையும் கூடச் சேர்ந்து சிரித்தாள்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் கைகளைப் பார்வையிட வந்தார். பழைய ஆட்களுக்குப் பழுக்காமல் இருப்பது சகஜம், முன்னே குத்திய பலம் என்று விட்டுவிடுவார்கள். பொன்னம்மை புதியவள். அவள் கையில் நாலு கீறலும் காய்ந்து, இருந்த இடம் தெரியாமல் போயிருந்தது.

"இது பழுத்தில்லல்லோ?" என்றார் டாக்டர் மலையாளத்தில்.

"ஆமா ஸார், நானும் தினம் பாக்கேன், வீங்கவே இல்ல" என்றாள் பொன்னம்மை. அவள் முகத்தில் கள்ளம் இல்லை. கவலை இருந்தது. பழுக்காமல் போய்விட்டதே என்ற கவலை. அதைப் பார்த்த பிறகுதான் சிவதாணுப் பிள்ளைக்கு விளங்கிற்று. இவள் சாவி போடவில்லை. வலிக்கும் என்று பயந்து சொன்னாள், அவ்வளவுதான்.

உண்மையைச் சொல்ல அந்த ஒரு நிமிஷம் போதும். 'பிடிக்கவில்லை ஸார், மறுபடி குத்துகிறேன்' என்றிருந்தால்கூடப் போதும். முழு உண்மைகூட வேண்டாம். ஆனால் மறுபடி என்றால் டாக்டர் ஏன் என்று கேட்பார். மற்ற கைகளையும் திருப்பிப் பார்ப்பார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் சிவதாணுப் பிள்ளையின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சிறுப்பத்தில் எடுத்ததாணு ஸார். அதா பழுக்காத்தது" என்றார் அவரும் மலையாளத்திலேயே, சின்ன வயசில் குத்தியது என்று.

டாக்டர் அடுத்த கைக்குப் போனார்.

"நான் எடுக்கவே இல்லியே, அண்ணாச்சி? என்னைக் குலுக்கையிலல்லா போட்டு மூடுனாவ" என்று பொன்னம்மை பின்னாலேயே வந்து கேட்டாள்.

"அதுக்கு முன்னாடி கைப்பிள்ளையில குத்தியிருப்பாவ. நீ என்னத்தைக் கண்ட? பயப்படாத, போ."

அவள் சமாதானமாகப் போனாள். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினாள். பொய் சொன்னவரைக்கூட என்னால் ஒரு மாதிரிப் புரிந்துகொள்ள முடிகிறது. அந்த நம்பிக்கையை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது.

பங்குனி பிறந்ததும் சாலைப் பக்கம் இரண்டு மூன்று வீடுகளில் அம்மை கண்டது. வசூரிப்புரையைத் திறந்தார்கள். அங்கே போய்த் தங்கி வேலை பார்க்க யார் தயார் என்று டாக்டர் கேட்டபோது, ஆஸ்பத்திரிக் காற்றைக் குடித்தவர்கள் எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பொன்னம்மை கையைத் தூக்கினாள்.

"எனக்குக் குத்தியாச்சே. அவியளுக்கு அங்க வாயில தண்ணி விட ஒரு ஆளு இல்லாமப் போச்சு. நான் போறேன், ஸார்."

சிவதாணுப் பிள்ளை அன்றைக்குச் சாயங்காலம் அவளைத் தனியாகப் பிடித்துச் சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தார். தனியாக எங்கே கிடைத்தாள்? அடுக்களை வாசலில் நாலு பேரோடு நின்றாள். "பொன்னம்மை, போறதுக்கு முன்னால ஒண்ணு கூடி வச்சு விடுதேன், வா" என்றார்.

"எதுக்கு அண்ணாச்சி? முதல்ல வச்சது சரியில்லியா?"

பிச்சம்மாளின் கையிலிருந்த கரண்டி பாதியில் நின்றது.

"சேச்சே, அது நல்லாத்தான் இருக்கு. இது சும்மா, ஒரு பலத்துக்கு."

"உங்க கை ஒரு தடவை பட்டாப் போதும்" என்று சிரித்துவிட்டுத் துணிமூட்டையை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பிவிட்டாள்.

மறுநாளே அவருக்குப் பொன்முடிக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் குத்த வேண்டும். பஸ்ஸுக்குப் போகும் வழியில் பெட்டியும் கையுமாக வசூரிப்புரைக்குப் போனார். அம்மைப்பால் பெட்டியில் இருந்தது. அம்மை கண்டவர்களைத் தொட்ட ஒன்றிரண்டு நாளைக்குள் குத்திவிட்டால் தப்பிக்க வைக்கலாம் என்பது அவர் தொழில் அவருக்குச் சொல்லிக் கொடுத்த பாடம். வேலிக்கு அந்தப் பக்கம் பொன்னம்மை யாரோ ஒரு கிழவனைத் தோளில் சாய்த்துக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தாள்.

வேலி வாசலில் பிச்சம்மாள் நின்றாள். கொட்டகைக்குத் துணியும் சாப்பாடும் கொண்டுவந்து வைக்கும் வேலை அவளுக்கு. பெட்டியைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"அவளுக்கும் வெறுங்குத்தா, அண்ணாச்சி?"

அவர் தலையைக் குனிந்தார்.

"அட பாவி மனுசா." அவள் குரல் உடைந்தது. ஆனால் கொஞ்ச நேரத்தில் அதே குரல் வேறு மாதிரி ஆகிவிட்டது. "இப்பப் போய்ச் சொன்னீங்கன்னா அவ சும்மா இருப்பாளா? டாக்டர் காதுக்குப் போவும். ஒருத்தர் வேலையும் நிக்காது. உங்க வேலை முதல்ல. எனக்கு இனியும் ஒரு பொண்ணு இருக்கா, அண்ணாச்சி."

"அவளுக்குந்தானே ஒண்ணு இருக்கு?"

"அவளுக்கு வந்துட்டுதா என்ன? எல்லாருக்குமா வருது? நான் குத்தாமத்தான் இத்தனை காலம் இருக்கேன். அம்மன் பாத்துக்கிடுவா. நீங்க போயிட்டு வாங்க. வந்தப்புறம் பாத்துக்கிடலாம்."

ஒரு மனுஷருக்கு எது கேட்க வேண்டுமோ அதையே ஒருத்தி சொல்லும்போது அவர் எங்கே மறுத்துப் பேசப்போகிறார்? பொன்னம்மை அவரைக் கண்டு தூரத்திலிருந்தே கையை ஆட்டினாள். அவரும் கையை ஆட்டினார். பிறகு பஸ் ஏறினார்.

பொன்முடியில் அவர் குத்திய மாதிரி எந்த வாக்ஸினேட்டரும் குத்தியிருக்க மாட்டார். லயத்து ஜனங்கள் புதருக்குள் ஓடி ஒளிந்தார்கள். துரத்திப் பிடித்தார். கெஞ்சினார், திட்டினார், காலில் விழவும் தயாராக இருந்தார். ஒவ்வொரு கையிலும் அம்மைப்பாலைத் தாராளமாக வைத்தார். குளிரில் கைவிரல் மரத்துப் போனாலும் விடவில்லை. இந்த வயசில் இவருக்கு என்ன இத்தனை வேகம் என்று கங்காணி ஆச்சரியப்பட்டான். மழை பிடித்து ரோடு சரிந்து, பஸ் நின்று போயிற்று. மூன்று வாரத்துக்கும் மேலே மலையிலேயே கிடந்தார்.

திரும்பி வந்து பஸ்ஸை விட்டு இறங்கியவர் வீட்டுக்குப் போகவில்லை. நேரே வசூரிப்புரைக்குத்தான் போனார். வேலி வாசலில் பிச்சம்மாள் இல்லை. அவள் லீவு போட்டிருந்தாள்.

பொன்னம்மை வாழையிலை மேல் கிடந்தாள். உள்ளங்கால் வரைக்கும் ஊசி குத்த இடமில்லாமல் முத்துப் போட்டிருந்தது. முகம் வீங்கிக் கண் இரண்டும் மூடிப் போயிருந்தன. அந்த நாற்றத்தை அவர் எத்தனையோ தடவை முகர்ந்தவர்தான், அன்றைக்குக் குமட்டிற்று. அவருக்கு ஒன்றும் ஆகாது. பயமில்லாமல் பக்கத்தில் உட்காரலாம். நாலு அச்சு இருக்கிறதே.

"பொன்னம்மை."

"அண்ணாச்சியா?" குரலைக் கொண்டே கண்டுபிடித்துவிட்டாள். "வந்துட்டியளா? மலையில குளிரு எப்பிடி?"

"பொன்னம்மை, நான் உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"நான் முதல்ல சொல்லிருதேன். தொண்டை அடைச்சுக்கிட்டு வருது." மூச்சு வாங்கினாள். "எனக்கு வந்துட்டுதேன்னு நீங்க வருத்தப்படாதீங்க. நீங்க குத்துனதுனாலதான் இம்மட்டோட நிக்கி. இல்லாட்டி எப்பவோ போயிருப்பேன். டாக்டர்கிட்டயும் சொன்னேன்."

சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். அந்த நம்பிக்கை ஒன்றுதான் அவளிடம் மிச்சம் இருந்தது. அதையும் பிடுங்கினால் அவளுக்கு ஆறுதலா, தனக்கா என்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதும் அவருக்கு வசதியாகத்தான் இருந்தது.

"எம் பிள்ளைக்குக் குத்தணும், அண்ணாச்சி. சொர்ணத்துக்கிட்ட சொல்லி விட்டிருக்கேன், உங்க கையாலதான் குத்தணும்னு. என்னை மாதிரிதான், சரியான பயந்தாங்கொள்ளி." வீங்கிய உதடு அசைந்தது. "பாத்துக் குத்துங்க, என்ன?"

"பாத்துக் குத்துதேன்" என்றார் சிவதாணுப் பிள்ளை.

விடிவதற்குள் அவள் போய்விட்டாள். கோலப்பனைப் புதைத்த அதே மேட்டுக்குத்தான் அவளையும் கொண்டுபோனார்கள்.

காலையில் அவர் குளித்துத் துணி மாற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அவர் அறை வாசலில் வரிசை நின்றது. யாரும் கூப்பிடாமலே வந்து நின்ற வரிசை. பிச்சம்மாள், சமையல்காரி, நர்ஸுகள், சீமந்தக்கார வெங்கடசுப்ரமணியன்கூட. எல்லாரும் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. கத்தி பட்டபோது ஒருத்தரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிச்சம்மாள் மட்டும் கையை நீட்டிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள்.

அதை முடித்துக்கொண்டு கிள்ளிப்பாலத்துக்குப் போனார். சொர்ணம்மாள் வாசலில் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்த முகம். சிவகாமி அத்தையின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு பெட்டியையே பார்த்தாள். அக்கம்பக்கத்தார் வாசல்களில் நின்றார்கள்.

"வாங்க, அண்ணாச்சி. மதினி சொல்லி விட்டா. உங்களைப் பத்திப் பேசாத நாளில்ல." பிள்ளையை முன்னால் இழுத்தாள். அது வீறிட்டது. "அழாத மக்கா, மாமா கை வலிக்காது. அண்ணாச்சி, சின்னப்பிள்ளை. பாத்துக் குத்துங்க."

கத்தியைத் துடைத்துக்கொண்டிருந்த கை நின்றது.

"பாத்துன்னா எப்பிடி?" என்று கேட்டார்.

"என்ன?"

"பாத்துன்னா எப்பிடி? தெளிவாச் சொல்லு." அவர் குரல் உயர்ந்து தெருவுக்கே கேட்டது. "பால் வச்சா, வைக்காமலா? எப்பிடிக் குத்தணும்? வாயைத் திறந்து சொல்லு பிள்ளே!"

பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது. சொர்ணம்மாள் ஒன்றும் விளங்காமல் அவரைப் பார்த்தாள். பைத்தியம் பிடித்துவிட்டதோ என்றுகூட நினைத்திருப்பாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் முகம் மாறிற்று.

"பால் வைக்காமக் குத்துறதுன்னு ஒண்ணு உண்டுமா, அண்ணாச்சி?"

"உண்டு."

"அது ஆருக்கு?"

"கேட்டவங்களுக்கு."

"எங்க மதினி கேட்டாளா?"

சிவதாணுப் பிள்ளை கத்தியைப் பெட்டி மேல் வைத்தார்.

"கேக்கல" என்றார். "எனக்கு அப்பிடிக் கேட்டுது."

அவள் அடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அடித்திருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். இனி இந்தக் கதவு திறக்காது, பிள்ளைக்கும் தன்னால் கேடு வந்துவிட்டது என்று அவர் பெட்டியை மூடப் போனார்.

சொர்ணம்மாள் வெளியே வந்தாள். ஒரு கையில் பிள்ளை, ஒரு கையில் மணைப்பலகை. பலகையை அவருக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, அதன் சட்டைக் கையைத் தானே மேலே ஏற்றினாள். அவர் அம்மைப்பால் இருந்த கண்ணாடிக் குழாயை உடைத்துத் துளியை வைக்கும்வரைக்கும் அவள் கண் இமைக்கவில்லை.

"நான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்றாள். "நீரு குத்தும்."